‘வீட்ல சும்மாதான் இருக்காங்க!’

2020 ஜனவரி. ஜெர்சி சிட்டியில், நியூவர்க் அவென்யூ பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்து. புதிதாக அறிமுகமான ஒருவர் வழக்கமான விசாரணைகளை எல்லாம் முடித்துவிட்டு, “உங்க வொய்ஃப் என்ன பண்றாங்க?” என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்றேன்.

இரண்டடி தள்ளி, கையில் வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்த என் மனைவியின் காதில் அது விழுந்தது. அன்றைய தேதியில் அவள் எழுதி முடித்திருந்த காதல் நாவல்கள் ஏழு.

ஜர்னல் ஸ்கொயரில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நடந்துதான் திரும்பினோம். நல்ல குளிர். வழியில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானும் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் இதே பதிலை எத்தனை விருந்துகளில் சொல்லியிருப்போம்!

பதினோரு டாலர்

அவள் ஈசிஇ படித்தவள். சென்னை ஓஎம்ஆரில் நான்கு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்தவள். 2015இல் எச்4 விசாவில் இங்கே வந்தாள். எச்4 என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வாழலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம். வேலைக்குப் போகக் கூடாது. அதே 2015 மே மாதம் ஒரு விதி வந்தது. கணவனோ மனைவியோ கிரீன் கார்டு வரிசையில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், எச்4இல் இருப்பவரும் வேலை அனுமதி அட்டை வாங்கிக்கொள்ளலாம். நான் அந்தக் கட்டத்துக்கு வர 2018 ஆகிவிட்டது.

நடுவில் மூன்று வருடம். நான் காலையில் பாத் ரயிலைப் பிடித்து மன்ஹாட்டன் போய்விடுவேன். அவளுக்கு ஜன்னலும் போனும்தான் துணை. முதலில் போனில் காதல் கதைகளாகப் படித்துத் தள்ளினாள். பிறகு, “இதை நானே எழுதுவேனே” என்று ஆரம்பித்தாள். காலமும் அதற்குத் தோதாக இருந்தது. பெங்களூரில் 2014இல் தொடங்கிய பிரதிலிபி இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலிலும் தமிழ் வந்துவிட்டது. ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாள். ஆனால் அட்டை வரும்வரை எழுத்தால் ஒரு பைசா வாங்கவில்லை. “விசாவுல வில்லங்கம் எதுக்குங்க?” என்றுவிட்டாள்.

அட்டை வந்த பிறகு கைக்கு வந்த முதல் மாத வருமானம் பதினோரு டாலர். “பார்க்கிங் ஃபைனுக்குக்கூடப் பத்தாதே!” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். இப்போது நினைத்தால், அவள் சிரித்தது எனக்காக.

ஒரே மேசை

2020 மார்ச்சில் எல்லோருடைய அலுவலகமும் வீட்டுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே மேசை, எலிசபெத் ஊர் ஐக்கியாவில் வாங்கிய நாலு பேர் சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் என் இரண்டு மானிட்டர்கள். அந்தப் பக்கம் அவளுடைய பழைய லேப்டாப். மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு மேசைக்கு அடியில் இடம். திருமணமான ஆறு வருடத்தில் என் மனைவி ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்பதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

காதல் கதை எழுதுகிறவர்கள் ஜன்னலோரம் காபி குடித்தபடி மழையை ரசிப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் காலை ஐந்து மணிக்கு, குழந்தை எழுந்திருக்கும் முன், ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆறே முக்கால் வரை கதை. அதன் பிறகு இட்லி, குழந்தை, துணி. பத்து மணிக்கு மறுபடி உட்கார்ந்து பிழை திருத்துவாள். பத்தரைக்கு அத்தியாயம் வெளியாக வேண்டும். ஏனென்றால் அப்போது இந்தியாவில் இரவு எட்டு மணி. சமையல் முடித்துவிட்டுப் பெண்கள் போனைக் கையில் எடுக்கும் நேரம். நவம்பரில் இங்கே கடிகாரத்தை மாற்றினால் அவளுடைய கெடு ஒன்பதரை ஆகிவிடும். அந்தக் கடிகார மாற்றத்தை அவள் அளவுக்குத் திட்டியவர்கள் நியூ ஜெர்சியிலேயே இருக்க மாட்டார்கள்!

வாரம் மூன்று அத்தியாயம். ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை. ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறாள். நாயகனின் வயது, அவன் ஓட்டும் கார், காபியா டீயா, அவன் அம்மாவின் சொந்த ஊர், நாயகியின் கண்ணாடி பவர் என எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை நாலாவது அத்தியாயத்தில் இறந்துபோன நாயகனின் பெரியப்பா, முப்பத்தோராவது அத்தியாயத்தில் போன் பண்ணிவிட்டார். வெளியான பத்தாவது நிமிடம் சிவகாசியிலிருந்து ஒரு வாசகி பிடித்துவிட்டார். என் மனைவி அலறியடித்துக்கொண்டு திருத்தினாள். எங்கள் ஆபீஸில் ப்ரொடக்‌ஷனில் பிழை வந்தால் ஐந்து பேர் கூட்டம் போடுவோம். இவள் தனியாளாக, ஒரு கையில் தோசைக் கரண்டியோடு சரி செய்தாள்.

மாலையில் குழந்தையோடு லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் நடை. ஊரே படமெடுக்கும் சுதந்திர தேவி சிலை அங்கிருந்து முதுகைத்தான் காட்டும். ரயில்கள் நிறைந்து ஓடிய நாட்களில் அவளுக்குப் பொழுதுபோக்கே ஆட்களைப் பார்ப்பதுதான். ஒரே இயர்போனைப் பங்குபோட்டுக் கேட்கும் ஜோடி, பேசாமல் முகம் திருப்பி உட்கார்ந்திருக்கும் ஜோடி எல்லாம் எப்படியும் ஒரு அத்தியாயத்தில் வந்துவிடும். வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் அது பிழைக்குமா என்ற கவலை வேறு. காதுக்கு இளையராஜா. இவ்வளவுதான் அவள் உலகம்.

நல்லவனா இருந்தா போர் அடிக்குதாம்

அவளோடு எனக்குப் பெரிய வாக்குவாதமே இந்த வகைக் கதைகளைப் பற்றித்தான். நாயகியைக் கடத்துவான், மிரட்டுவான், அறைவான். கடைசியில் அவள் அவனையே காதலிப்பாள். ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று இதற்கு ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. “இதையெல்லாம் படிச்சிட்டு வளர்ற பொண்ணுங்க என்ன ஆவாங்க?” என்று கேட்டேன்.

அவளுக்கும் அந்தக் கவலை என்னைவிட அதிகமாகவே இருந்தது. அவளுடைய நாயகர்கள் பாத்திரம் தேய்ப்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். “இவ்வளவு நல்லவனா எழுதாதீங்க சிஸ், போர் அடிக்குது” என்று வாசகிகளே எழுதுகிறார்கள். ஒரே ஒரு அறை எழுதினால் படிக்கிறவர் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் என்று அவளுக்குத் தெரியும். எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். “எங்க அத்தை ஒருத்தங்க தினமும் அடி வாங்கினாங்க. அவங்களும் ராத்திரி கதைதான் படிப்பாங்க. அங்கேயும் அடி வாங்கணுமா?” என்றாள். அதற்கு மேல் எனக்குப் பேச வாயில்லை.

திருவல்லிக்கேணி முதல் மேரிலாண்ட் வரை

இந்த அலட்சியம் இன்று நேற்று வந்ததில்லை. 1901இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயது முடிந்ததுமே திருமணம். பள்ளிக்கூடமே போகாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார்.

‘லட்சுமி’ என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. எழுதி வந்த பணம்தான் அவருடைய மருத்துவப் படிப்புக்குக் கைகொடுத்தது. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தார். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். கடல் கடந்து வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண் குடும்பக் கதை எழுதி அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார் என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ரமணிசந்திரனைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 170க்கும் மேல் நாவல்கள். பாளையங்கோட்டையில் சின்னப் பையனாக இருந்தபோது, அம்மா என்னை லெண்டிங் லைப்ரரிக்கு அனுப்புவாள். “ரமணிசந்திரன் புதுசு வந்திருக்கான்னு கேட்டுட்டு வாய்யா.” புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களே என்று புத்தகத்தை டியூஷன் நோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவருவேன். ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல் என்றால் ஒளித்திருக்க மாட்டேன்! கொலை என்றால் வெளியே தெரியலாம், காதல் என்றால் கூடாது.

வெள்ளைக்காரர்கள் ஊரிலும் இதே கதைதான். ஜேன் ஆஸ்டின் எழுதும் அறைக்கு வெளியே ஒரு கதவு கிறீச்சென்று சத்தம் போடுமாம். அதைச் சரி செய்ய வேண்டாம் என்றாராம். யாராவது வந்தால் சத்தம் கேட்டுக் காகிதத்தை மறைத்துவிடலாம் அல்லவா? அவர் குடும்பத்தார் சொல்லிவைத்த கதை இது. எங்கள் ஊரிலிருந்து காரில் நாலு மணி நேரத் தூரத்தில், மேரிலாண்டில் இருக்கிறார் நோரா ராபர்ட்ஸ். 1979 பனிப்புயலில் இரண்டு சின்னப் பையன்களோடு வீட்டில் மாட்டிக்கொண்டபோது, ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தவர். 1981இல் முதல் புத்தகம். இன்றைக்கு 200ஐத் தாண்டிவிட்டார். அவர் வீட்டுக்குப் புத்தக அலமாரி செய்ய வந்த தச்சரைத்தான் 1985இல் மணந்துகொண்டார். மனைவிக்காக அலமாரி செய்ய முடியாவிட்டாலும், ஒரு மேசையாவது தனியாக வாங்கித் தரலாமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கினேன். படுக்கையறை மூலையில் போட்டிருக்கிறோம்.

சொதிக் குழம்பு

இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள்.

“ஏய்யா, வாட்ஸ்அப்ல ஒரு கத வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிச்சேன் பாத்துக்கோ. எழுதுன பிள்ள நம்ம ஊர்க்காரியாத்தான் இருக்கணும். மறுவீட்டுக்குச் சொதி வைக்கதை அப்பிடியே எழுதிருக்கா. மூணாம் பால்ல காய வேகவிட்டு, தலைப்பால கடைசியா ஊத்தி, கூட இஞ்சிப் பச்சடி…”

சொல்லிக்கொண்டே பெயரையும் சொன்னாள். என் மனைவியின் புனைபெயர்.

கிண்டிலில் காசு கொடுத்து வாங்க வேண்டிய நாவலை யாரோ பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். வருடக்கணக்கில் ஐந்து மணிக்கு எழுந்த உழைப்பு, ‘ஃபார்வர்டு’ பட்டனில் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் இல்லை. அந்தச் சொதியை அவளுக்கு இதே வீடியோ காலில் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான்.

“அத்தை, அது நான்தான் எழுதினேன்” என்றாள்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “நீயாம்மா? அப்ப இது ஓசில வந்ததுல்லா… எங்கன துட்டு கட்டணும்னு சொல்லு, நான் வாங்கிப் படிக்கேன்” என்றாள். அடுத்தது எனக்கு. “ஏல, இத்தன நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அதுதான் உண்மை.

நண்பர்களே, பிடிஎஃப் அனுப்பாதீர்கள், காசு கொடுத்து வாங்குங்கள் என்று நான் உங்களைக் கேட்கலாம். கேட்கவும் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் மதிக்காமல் போனது எனக்குக் கோபம் தந்தது. பதினோரு டாலரைப் பார்த்து நான் சிரித்தபோது செய்ததும் அதைத்தானே? வீட்டிலேயே இருக்கும் பெண், வீட்டைப் பற்றியும் காதலைப் பற்றியும் எழுதினால், அது பொழுதுபோக்கு. அதே பெண் அதே மேசையில் உட்கார்ந்து கோடு எழுதியிருந்தால் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

அமெரிக்க வரிப் படிவம் 1040இல் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும். உங்கள் தொழில், உங்கள் துணையின் தொழில். அவளுடைய ராயல்டிக்கு ஒவ்வொரு வருடமும் கணக்குப் பார்த்து வரி கட்டியவன் நான்தான். அப்படிக் கட்டிவிட்டு, அந்தக் கட்டத்தில் ‘ஹோம்மேக்கர்’ என்றும் போட்டுவந்தேன்.

இந்த முறை படிவத்தோடு அவள் மேசைக்குப் போனேன். “இங்க என்ன போடட்டும்?” என்று கேட்டேன். பத்தரைக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எழுத்தாளர்னு போடுங்க. போட்டுட்டு அடுப்புல பாலைப் பாருங்க” என்றாள்.

இரண்டையும் செய்தேன்.