மருந்துக்கு அடங்காத காசநோய்

ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில் வந்தபோது காசநோய்க்கு முடிவு வந்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால், பிரிட்டனில் 1948இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. முதல் சில மாதங்களில் தேறிய நோயாளிகள் பலரிடம், அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகியிருந்தன. இது எப்படி நேர்கிறது?

கிருமியின் கணக்கு

கிருமிகள் பெருகும்போது அவற்றின் மரபணுவில் தற்செயலாக மாற்றங்கள் நிகழ்கின்றன. ஐசோநியாசிட் மருந்தை எதிர்க்கும் கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினை எதிர்ப்பது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. நோய் முற்றிய நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடிய, எதிர்ப்புள்ளவை தப்பிப் பெருகும். இரு மருந்துகளையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி தோன்றும் வாய்ப்போ கோடி கோடியில் ஒன்றுதான். வழக்கமான சிகிச்சையில் நான்கு மருந்துகள் சேர்த்துத் தரப்படுவது இதனால்தான். நிகழ்தகவு, இயற்கைத் தேர்வு பாடங்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வாழ்க்கையின் கணக்கு

சிகிச்சை 6 மாதங்கள். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடல் தேறிவிடும். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். வேலை தேடி ஊர் மாறினால் மருந்து விட்டுப்போகும். அக்கம்பக்கம் அறியக்கூடாதென்ற அச்சமும் உண்டு. மருந்துத் தட்டுப்பாடும் தவறான மருந்துச் சீட்டும் இதில் சேரும். இடைவெளி விழும்போதெல்லாம் எதிர்ப்புள்ள கிருமிக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அவ்வாறு பெருகிய கிருமி, ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிடாதவருக்கும் காற்றின் வழியே தொற்றலாம். எனவே நோயாளியைக் குற்றம் சொல்வது நியாயமன்று.

நாம் செய்யக்கூடியது

சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், மருந்தும் கண்காணிப்பும் முறையாக இருந்தால் ஏழை வீடுகளிலேயே இந்நோயைக் குணப்படுத்த முடியும் என 1959இல் உலகுக்குக் காட்டியது. நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் காணப்படும் மாணவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாயும் அரசு வழங்குகிறது. மாணவரின் வீட்டில் யாரேனும் சிகிச்சையில் இருந்தால் அதை வகுப்பில் வெளிப்படுத்தாதீர்கள். தனியே அழைத்து, "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?" என அன்போடு கேளுங்கள். மருந்து நின்றுபோகாமல் காக்க அந்த விசாரிப்பும் உதவும்.