கடைசி வரிசைக்காகவே அந்தப் பெரிய திரை

தேக்காவிலிருந்து காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கிற்குப் போவது எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறி, புரொமனாடில் வட்டப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிலையம் ஸ்டேடியம். ஆனால், மேல்தளத்தில் விலை குறைந்த இருக்கையில் போய் அமர்ந்ததும் பலருக்கும் ஒரு சந்தேகம் எழுவதுண்டு. “இவ்வளவு காசு கொடுத்து வந்து திரையைத்தான் பார்க்க வேண்டுமா? வீட்டில் தொலைக்காட்சியிலேயே பார்த்திருக்கலாமே!”

சந்தேகம் நியாயமானதுதான். ஏறத்தாழ 55,000 பேர் அமரக்கூடிய அரங்கு அது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாடகரின் முழு உருவமும் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பிடித்தால், அந்த விரலின் அகலம் அளவுக்குத்தான். முகபாவம், விரல் அசைவு எதுவும் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே பெரிய திரைகள் வந்தன.

1993ல் பிறந்த நீல ஒளி

பழைய தேசிய விளையாட்டரங்கில் மைக்கல் ஜாக்சன் பாடியது 1993ல். அதே ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஷூஜி நகமுரா, மிகப் பிரகாசமான நீலநிற எல்இடி விளக்கை உருவாக்கியதாக அறிவித்தார். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலமும் சேர்ந்தால்தான் எல்லா வண்ணங்களையும் காட்ட முடியும் என்பதால், வண்ண எல்இடி திரைக்கு அதுவே வழிதிறந்தது.

நான்கே ஆண்டுகளில், 1997ல், அயர்லாந்தின் ‘யூ2’ இசைக்குழு தனது ‘பாப்மார்ட்’ சுற்றுப்பயணத்தில் மிகப் பெரிய எல்இடி திரையை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. நீல எல்இடி கண்டுபிடிப்புக்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. காலாங்கின் புதிய அரங்கு திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

புள்ளியும் தொலைவும்

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலை அலங்கார வளைவின் அடியில் நின்று மேலே பார்த்தால் தனித்தனி விளக்குகளே கண்ணில் படும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் மயிலோ தாமரையோ உருவாகத் தெரியும். மேடைத் திரையும் அப்படித்தான். விளக்குப் புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை மீட்டர் தள்ளி நின்றால் படம் சீராகத் தெரியும் என்பது இத்துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு.

‘யூ2’ குழு 2019 நவம்பர் 30, டிசம்பர் 1 தேதிகளில் தேசிய விளையாட்டரங்கில் பாடியது. அதே பயணத்தில் டிசம்பர் 15ஆம் தேதி மும்பையில் நடந்த நிகழ்ச்சிக்கு முன்னோட்டமாக, ஏ. ஆர். ரஹ்மானுடன் சேர்ந்து ‘அஹிம்சா’ பாடலையும் அக்குழு வெளியிட்டது. அந்தச் சுற்றுப்பயணத்தின் திரை ஏறத்தாழ 61 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்டது. புள்ளிகளின் இடைவெளி சுமார் 8 மில்லிமீட்டர். வீட்டு வரவேற்பறையில் வைத்தால் அந்தப் படம் வெறும் புள்ளிக்கோலம். ஆனால், 100 மீட்டர் தள்ளி இருப்பவர் கண்ணுக்கு அது துல்லியமான படம். கையை நீட்டிப் பார்த்தால் நான்கு விரல்களைச் சேர்த்த அகலத்துக்கு அந்தத் திரையின் உயரம் தெரியும்.

உதடு முந்தும், குரல் பிந்தும்

பின்வரிசையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். திரையில் உதடு அசைந்த பிறகே குரல் வரும். இது பாடகர் வெறுமனே வாயசைப்பதற்கான அடையாளம் அன்று. ஒலி ஒரு வினாடியில் சுமார் 345 மீட்டர்தான் செல்லும். 100 மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட 0.3 வினாடி ஆகும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை.

கேமராவில் பதிவான காட்சி கணினிகளைக் கடந்து திரைக்கு வரவும் சிறிது நேரம் பிடிக்கும். முன்வரிசைக்கு அந்தத் தாமதம் உறுத்தும். பின்வரிசைக்கோ அதுவே ஓரளவு உதவும். எல்லா இருக்கைக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் அமைப்பு இல்லை என்பதால், தொழில்நுட்பர்கள் நடுவான ஓர் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

‘ஒன்ஸ் மோர்’ கேட்டால்?

திரையில் தெரியும் காட்சிகள் இரு வகை. ஒன்று, கேமராக்கள் அந்த நேரத்தில் பிடிப்பவை. எந்தக் கேமராவின் காட்சி திரைக்குப் போக வேண்டும் என்பதைக் காட்சி இயக்குநர் நொடிக்கு நொடி முடிவுசெய்வார். மற்றொன்று, முன்கூட்டியே தயாரித்த வரைகலைக் காட்சிகள். இவை பாடலின் நேரக் குறியீட்டோடு இணைக்கப்பட்டு, தாளம் தவறாமல் தாமாகவே ஓடும்.

தமிழ் இசை நிகழ்ச்சிகளில் சிக்கல் இங்குதான் வரும். ரசிகர்கள் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டுப் பாடகர் சரணத்தை மீண்டும் எடுத்தால், நேரக் குறியீட்டில் ஓடும் காட்சி பாட்டை விட்டுத் தனியே போய்விடும். அத்தகைய பாடல்களுக்கு ஒருவர் பாட்டைக் கேட்டுக்கொண்டே காட்சிகளைக் கையால் மாற்ற வேண்டும்.

தலைக்கு மேல் தொங்கும் எடை

திரையை இன்னும் பெரிதாக்கினால் என்ன என்று தோன்றலாம். அதற்கு எடைதான் தடை. ‘யூ2’ திரைக்கு எடை குறைந்த கார்பன் இழைச் சட்டங்கள் பயன்பட்டதும் அதனால்தான்.

2022 ஜூலை 28ஆம் தேதி ஹாங்காங் கலிசியம் அரங்கில் ‘மிரர்’ குழுவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிய திரை ஒன்று மேடையில் விழுந்தது. அதில் நடனக் கலைஞர் ஒருவர் படுகாயமடைந்தார். திரையைத் தாங்கிய கம்பிவடம் அறுந்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. ரசிகர்கள் வருவதற்கு முன்னரே உயரத்தில் ஏறி, ஒவ்வொரு கொக்கியையும் வடத்தையும் சரிபார்க்கும் ஊழியர்களின் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை அவ்விபத்து காட்டியது.

ரசிகரும் ஒரு புள்ளி

2024 ஜனவரியில் ‘கோல்ட்பிளே’ குழு தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடியது. ரசிகர்களுக்கு ஒளிரும் கைப்பட்டைகள் தரப்பட்டன. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் சமிக்ஞைக்கேற்ப அவை நிறம் மாறும். அரங்கு முழுவதுமே ஒரு திரையாகி, மேல்தளத்தில் இருப்பவரும் அதில் ஒரு புள்ளியானார். அந்தக் காட்சியை முழுமையாகப் பார்க்க முடிந்ததும் மேலே இருந்தவர்களால்தான்.

நுழைவுச்சீட்டு வாங்குமுன் இருக்கை வரைபடத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்பது நல்லது. மேடை எந்தப் பக்கம், பக்கத் திரைகள் எங்கே, அந்த இருக்கைக்குப் ‘பார்வை மறைப்பு’ என்ற குறிப்பு உள்ளதா? மேடைக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கி அடுக்கு மறைக்கும் இருக்கையைவிட, நேர் எதிரே தொலைவில் உள்ள இருக்கையில் காட்சி நன்றாக இருக்கலாம். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் குடும்பத்தில் இருந்தால், அத்தகைய விளக்குகள் பயன்படுத்தப்படுமா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.