திருப்பி அனுப்பிய தட்டு

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. குருப்பட்டத்தன்று பூசப்பெற்ற தைலத்தின் மணம் நம் கைகளை விட்டு இன்னும் நீங்காத காலம். காவிரிப் பாசனத்து ஊர் ஒன்றில் துணைப் பங்குக் குருவாக இருந்தோம். தீபாவளிக்கு மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தயங்கியவாறே நம்மிடம் வந்தார். "சாமி, பக்கத்து வீட்டம்மா அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்பியிருக்காங்க. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

குருமடத்துப் படிப்பு தலையில் சூடு ஆறாதிருந்த வயது. "படைத்ததாக இருக்கும், வாங்காதிருப்பதே நலம்" என்று தீர்ப்பளித்துவிட்டு, நாம் காலைச் சிற்றுண்டிக்குப் போய்விட்டோம். அன்று மாலையே அத்தட்டு வந்த வீட்டுக்கே திரும்பிற்று என்பது பின்னரே தெரிந்தது.

கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. அத்தாய் வழக்கம்போல் கலகலாவும் அச்சுமுறுக்கும் செய்து அதே வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அந்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "நாங்க வாங்கிக்கலாம், நீங்க வாங்கிக்கக் கூடாதா அக்கா?" என்று மட்டும் கேட்டாராம். அக்கேள்வியை அத்தாய் நம்மிடம் கொண்டுவந்து வைத்தபோது, நம்மிடம் விடை இருக்கவில்லை.

அன்றிரவு புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தைத் திறந்தோம். தேர்வுக்காக நாம் உருப்போட்ட அதிகாரங்கள்தாம், 8ஆம் 10ஆம் அதிகாரங்கள். சிலைவழிபாட்டில் பங்குகொள்வதை அப்போஸ்தலர் கண்டிப்பாய் விலக்குகிறார். ஆனால் அண்டை வீட்டு உணவைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் எவ்வளவு தணிந்துவிடுகிறது! விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, நீங்களும் போக விரும்பினால், பரிமாறியதைக் கேள்வி கேளாமல் உண்ணலாம் என்கிறார். இது பலியிடப்பட்டது என்று யாரேனும் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சான்றை முன்னிட்டுத் தவிர்க்கச் சொல்கிறார். நாமோ ஒரு சொல்லும் விசாரியாமல், படைத்ததுதான் என்று முடிவே கட்டிவிட்டிருந்தோம்.

நம்மை மேலும் குத்தியது மறுநாள் திருப்பலி. திவ்விய நற்கருணை வாங்குமுன், ஆண்டவர் நம்மிடம் எழுந்தருள நாம் தகுதியற்றவர்கள் என்று சொல்கிறோமே, அந்த மன்றாட்டு யாருடைய வாயில் பிறந்தது? பேதுருவும் அருளப்பரும் சொன்னதன்று அது. கப்பர்நாகூமில் இருந்த நூற்றுவர் தலைவர் ஒருவர், யூதரல்லாதவர், சொன்னது. யூதருக்குத் தொழுகைக்கூடம் கட்டிக்கொடுத்தவர் அவர் என்று புனித லூக்கா குறிக்கிறார். (நம் கடற்கரையிலும் இதற்கு ஒப்பானது உண்டு: நாகூர் தர்காவின் மினாராக்களுள் மிக உயரமானதை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.) இரவல் வாங்கிய மன்றாட்டை நாள்தோறும் பீடத்தில் சொல்லும் நாம், ஒரு தட்டு அதிரசத்தை வாங்க அஞ்சியிருக்கிறோம்!

எல்லா மதமும் ஒன்றே என்று மேடைகளில் முழங்குவோரோடு நமக்கு உடன்பாடில்லை. நம் அயலாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை என்றே நினைக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவற்றில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் அதே பகுதியில் வலியுறுத்துகிறது. குருமடத்தில் இரண்டையும் படித்தோம். ஆனால் அந்த ஊரில் இரண்டாவது பாதி மட்டுமே நம் நினைவில் நின்றிருந்தது.

அடுத்த தீபாவளியன்று அத்தாயுடன் அந்த வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இருந்தது, சொற்கள்தாம் வரவில்லை. அம்மையார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே சென்று ஒரு தட்டுடன் வந்தார். நாம் தயங்குவதாக எண்ணினார் போலும்.

"சாப்பிடுங்க சாமி. மாதா கோவில்காரங்களுக்குக் கொடுக்கிறதை, படைக்கிறதுக்கு முன்னாலேயே தனியா எடுத்து வெச்சிடுவேன். போன வருசமும் அப்படித்தான் எடுத்து வெச்சேன்" என்றார்.

அத்தாய் தலை குனிந்துகொண்டார். நாம் ஓர் அதிரசத்தை எடுத்துப் பிட்டு வாயிலிட்டோம். அது தொண்டையில் இறங்கச் சற்று நேரமாயிற்று.