ஒல்லி உடம்பிலும் ஒளிந்திருக்கும் கொழுப்பு

உடலில் படியும் கொழுப்பை, மிஞ்சிய சக்தியைப் போட்டுவைக்கும் கிடங்கு என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் கருதிவந்தது. 1994-ல் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டறிந்தபின் அந்தக் கருத்து மாறியது. கொழுப்புச் செல்களே சுரக்கும் லெப்டின், கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. இருப்பு கூடினால் பசி அடங்க வேண்டும். ஆனால் பருத்த உடலில் லெப்டின் எவ்வளவு சுரந்தாலும் மூளை அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. லெப்டின் ஊசி போட்டே எல்லோரையும் இளைக்க வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதனால்தான் பொய்த்தது.

எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அது எங்கே படிகிறது என்பதே முக்கியம். பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பால் பெரிய தொல்லையில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படிவதுதான் வில்லங்கம். அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தின் வழியே நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏறியதும் இன்சுலின் சொல்வதை அது கேட்பதில்லை. தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் கூட்டுகிறது. இதற்கிடையே, அளவுமீறி வீங்கிய கொழுப்புச் செல்கள் மடிய, அவற்றை அகற்ற நோய் எதிர்ப்புச் செல்கள் திரள்கின்றன. வலியோ காய்ச்சலோ இல்லாத இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. மாரடைப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் கொழுப்பே இல்லாதவர் பாக்கியசாலியா? இல்லை. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோயில் கொழுப்புத் திசுவே சரியாக உருவாவதில்லை, அல்லது இருப்பதும் அழிந்துபோகிறது. சேர இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் புகுந்து, மெலிந்த உடலில் கடுமையான நீரிழிவை உண்டாக்குகிறது.

“ஆள் ஒல்லிதானே, அவருக்கு எப்படிச் சுகர் வந்தது?” என்று நம் வீடுகளில் கேட்கும் கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. 2004-ல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தின் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். புனே வட்டாரக் கிராமங்களில் யஜ்னிக் குழு நடத்திய ஆய்வில் இந்த வேறுபாடு பிறப்பிலேயே தெரிந்தது: அங்குள்ள குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் மிகக் குறைவு, தசையும் குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஆகவே தெற்காசியர்களுக்குத் தராசு மட்டும் போதாது. பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அதைவிட எளிய கருவி தையல்காரரின் அளவு நாடா. மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதற்கு மேல் போனால், எடை சரியாகவே இருந்தாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.