டப்பா மேலிருக்கும் எட்டு இலக்கம்

காடேக், ரும்பியா, டுரியான் துங்கல் என்று அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி, காண்டா வாளி தூக்கிய தலைமுறையில் முழங்கால் வலி இல்லாதவரைக் காண்பது அரிது. அரசாங்கக் கிளினிக் மருந்து ஒரு பக்கம் இருக்கும். பாசார் மாலாமில் வாங்கிய ஜாமு, மாஜூன், 'முழுக்க மூலிகை' என்று அச்சடித்த கெப்சூல் இன்னொரு பக்கம் இருக்கும். "ரெண்டே நாள்ல வலி பறந்துபோச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த வாரம் நாலு வீட்டில் அதே டப்பா வந்துவிடும்.

சந்தேகப்பட வேண்டியது அந்த 'ரெண்டே நாளை'த்தான். வருடக்கணக்கில் தேய்ந்த மூட்டின் வலியை மூலிகை இரண்டு நாளில் துடைத்து எடுப்பதில்லை. டெக்சாமெத்தசோன் எடுக்கும். அது ஒரு ஸ்டீராய்டு. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நமக்குத் தினமும் சுரந்து தரும் கார்ட்டிசோலின் செயற்கை உறவுக்காரன், ஆனால் வீரியம் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். முக்கால் மில்லிகிராம் போதும், 20 மில்லிகிராம் கார்ட்டிசோலின் வேலையைச் செய்துவிடும். 500 மில்லிகிராம் மூலிகைத் தூளுக்குள் அந்த முக்கால் மில்லிகிராம் கலந்திருப்பதைக் கண்ணும் நாக்கும் கண்டுபிடிக்கவே முடியாது.

வலி போவது உண்மைதான். கூடவே முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். இதைவிட மோசமான ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். வெளியிலிருந்து தாராளமாக ஸ்டீராய்டு வருவதைப் பார்த்து மூளை, அட்ரினலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. வேலையில்லாத சுரப்பி சுருங்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் கெப்சூல் தீர்ந்துபோனதென்று சாப்பிடுவதை நிறுத்தினால் உடலில் வெளி ஸ்டீராய்டும் இல்லை, சொந்தக் கார்ட்டிசோலும் இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து, ஆள் மயங்கிச் சரிவார், உயிரே போகலாம். இத்தகைய கெப்சூலைச் சாப்பிட்டு வந்தவர் அதைத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டித்தான் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க மலேசியாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. சுகாதார அமைச்சின் கீழ், பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம், சுருக்கமாக என்.பி.ஆர்.ஏ. 1978-ல் தொடங்கி, 2016-ல் இந்தப் பெயரைப் பெற்றது. மருந்து டப்பாவில் 'மால்' என்று தொடங்கி எட்டு இலக்கங்களும் ஓர் எழுத்துமாக ஓர் எண் இருக்குமே, அது இங்கிருந்து வருவதுதான். கடைசியில் 'டி' இருந்தால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் சத்துணவுப் பொருள், 'எக்ஸ்' என்றால் கடையில் நேரடியாக வாங்கக்கூடியது, 'ஏ' என்றால் நச்சுப் பட்டியலில் உள்ள மருந்து. 1985-ல் மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளில் ஆரம்பித்த இந்தப் பதிவு, 1992-ல் பாரம்பரிய மருந்துகளுக்கும் வந்தது.

அந்த எட்டு இலக்கத்துக்குப் பின்னால் எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. ஒரு பிரிவு தாள்களை மட்டுமே படிக்கிறது. என்ன மூலப்பொருள், எவ்வளவு, எந்த ஆதாரம், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கிறது. இரசாயன மருந்துக்கு ஓர் அணி, தடுப்பூசி போன்ற உயிரியல் மருந்துக்கு இன்னோர் அணி, மூலிகைக்கு வேறோர் அணி. ஒரு பிரிவு தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஒன்று சோதனைக்கூடத்தில் நிற்கிறது. இன்னொன்று, மருந்து கடைக்கு வந்தபின் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று காத்திருந்து கவனிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெரிய சோதனைக்கூடத்தில் வைத்துவிட்டால் ஆகாதா?

ஆகாது. சோதனைக்கூடம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

சோதனைக்கூட மேசையருகே போய்ப் பார்ப்போம். பதிவாகும்போது சுத்தமாக இருந்த மூலிகை மருந்தில் பிறகு கலப்படம் செய்ய முடியும் என்பதால், கடையில் விற்கும் டப்பாக்களையும் மாதிரியாக எடுத்துச் சோதிக்கிறார்கள். ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் பார்ப்பார்கள். பாரம்பரிய மருந்தில் பாதரசம் பத்து லட்சத்தில் அரைப் பங்கைத் தாண்டக் கூடாது. கிருமி எண்ணிக்கை பார்ப்பார்கள். பிறகு ஸ்டீராய்டு. தூளைத் திரவத்தில் கரைத்து, நுண்ணிய துகள்கள் அடைத்த மெல்லிய குழாய் வழியே அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளும் அந்தத் துகள்களோடு ஒட்டும் அளவு வேறு, ஆகவே ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வருகிறது. வெளியே வந்ததை மின்னேற்றி, அதன் நிறையை அளக்கிறார்கள். டெக்சாமெத்தசோன் 393 என்ற இடத்தில் தெரியும். அதை உடைத்தால் ஒரு ஹைட்ரஜன் ஃபுளோரைடு கழன்று 373 ஆகும்.

இங்கேதான் இயற்கை ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. பீட்டாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டும் அதே 393, அதே 373. அணுக்களின் எண்ணிக்கையில் இம்மி வித்தியாசமில்லை. பதினாறாம் கார்பனில் தொங்கும் ஒரு சின்னக் கிளை ஒன்றில் கீழ்நோக்கியும் மற்றதில் மேல்நோக்கியும் இருக்கிறது, அவ்வளவுதான். நிறை அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அந்தக் கிளை திரும்பிய விதத்தால் துகள்களோடு ஒட்டும் அளவு கொஞ்சம் மாறுகிறது. குழாயிலிருந்து ஒன்று முன்னே, மற்றது சற்றுப் பின்னே வரும். அந்தச் சிறு இடைவெளியை வைத்துத்தான் இன்னது கலந்திருக்கிறது என்று ஆய்வாளர் கையெழுத்துப் போடுகிறார்.

இவ்வளவு கூர்மையான கருவியும், தேடச் சொல்லாததைத் தேடாது. 2025 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த செய்தி எல்லாரையும் உலுக்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதி 0.1 விழுக்காடுதான். அது மருந்தே அல்ல. மருந்தைக் கரைக்க ஊற்றிய திரவத்தோடு வந்த நஞ்சு. லேபலில் உள்ள மருந்துகள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று மட்டும் ஒருவர் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்காது. பீப்பாயில் வந்த கரைப்பானை ஊற்றும் முன் சோதித்தார்களா என்று தொழிற்சாலைக்குள் போய்க் கேட்கும் ஆள் வேண்டும். 1937-ல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. விற்பதற்கு முன் ஆபத்தில்லை என்று நிரூபித்தாக வேண்டும் என்ற சட்டம் அங்கே மறு வருடமே வந்ததற்குக் காரணம் அந்தச் சாவுகள்.

தொழிற்சாலையும் சோதனைக்கூடமும் சரியாக இருந்தும் தப்பிப்போவது உண்டு. தாலிடோமைடு என்ற மருந்து அப்படித்தான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் வளராத குழந்தைகள் பிறந்தபோது, 1961-ல் எச்சரித்தவர்கள் பிரசவம் பார்த்த மருத்துவரும் குழந்தை மருத்துவரும்தான். விற்பனைக்கு வந்தபின் கண்காணிக்கும் உலகத் திட்டம் அதற்குப் பிறகே பிறந்தது. மலேசியா 1987-ல் பக்கவிளைவு ஆலோசனைக் குழுவை அமைத்து, 1990-ல் அந்த உலகத் திட்டத்தில் சேர்ந்தது.

பதிவுக்கு ஒப்புதல் தருவது இந்தப் பிரிவுகளில் எதுவும் அல்ல. சுகாதாரத் தலைமை இயக்குநர் தலைமையிலான மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் தருகிறது. கடையில் புகுந்து பறிமுதல் செய்வது மருந்தக அமலாக்கப் பிரிவு. அளப்பவர், தீர்மானிப்பவர், பிடிப்பவர் என்று மூவரையும் பிரித்து வைத்தது மிகச் சரியான ஏற்பாடு. பதிவில்லாத மருந்தை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இந்தப் பதிவு முறைக்கு வெளியே இருக்கும், முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்கள் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அழகுப் பொருள்களுக்கு 2008 முதல் முன்கூட்டிய ஆய்வு இல்லை, அறிவிப்பு மட்டுமே. விற்பவர் பொறுப்பேற்று அறிவிக்கிறார், அரசாங்கம் பிறகுதான் சோதிக்கிறது. பாதரசம் கலந்த கிரீம்கள் சந்தையில் மாட்டிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகம் வரை போகிறது.

வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் டப்பாக்களை இன்றே எடுத்துப் பாருங்கள். எண் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், அச்சடிப்பவர் எதையும் அச்சடிப்பார். என்.பி.ஆர்.ஏ இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடி, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது சாப்பிட்டு முகம் உப்பியதா, சர்க்கரை திடீரென்று ஏறியதா, டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள். பயனீட்டாளரே நிரப்பி அனுப்பக்கூடிய பக்கவிளைவுப் படிவமும் அதே இணையத்தளத்தில் இருக்கிறது. அனுப்புங்கள்.