ஒன்பது நாள் பிபிசி இல்லாமல்

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒரு நண்பர் போன் பண்ணினார். "பிபிசியே பார்க்காதவன் பிபிசிக்கு ஏங்க காசு கட்டணும்?" நியாயமான கேள்விதான்.

முதல்ல விதியைச் சொல்லிடறேன். பிரிட்டனில் எந்தச் சேனலை நேரலையில் பார்த்தாலும், பிபிசியின் ஐபிளேயரைத் திறந்தாலும் வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் வேணும். 2025 ஏப்ரலில் அது வருஷத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. கூலிக்காரர் வீட்டுக்கும் கோடீஸ்வரர் வீட்டுக்கும் அதே தொகை. எரிச்சல் வராம இருக்குமா?

ஆனா "கட்டுவீங்களா"ன்னு கேட்டா வர்ற பதிலும், இல்லாம இருந்து பார்த்த பிறகு வர்ற பதிலும் வேற வேற. 2015இல் ஒரு ஆய்வு நடந்தது. அதில் 48 வீட்டுக்காரர்கள், கட்டணமே வேண்டாம், இல்லேன்னா குறைக்கணும்னு சொன்னவங்க. ஒன்பது நாள் அவங்களுக்கு பிபிசியின் டிவி, ரேடியோ, இணையதளம் எதுவும் கிடையாது. அந்த நாட்களுக்கான கட்டணத்தை, சுமார் 3.60 பவுண்டு, கையில் கொடுத்துட்டாங்க. முடிவில் 48இல் 33 வீடுகள் முழுக் கட்டணம் கட்டலாம்னு மாறிடுச்சு. காலையில காரில் ஓடுற ரேடியோவை யாரும் "பிபிசி பார்க்கிறேன்"னு கணக்கில் எழுதறதில்லைங்கிறது என் ஊகம்.

ஒண்ணை மறைக்கக் கூடாது. அந்த ஆய்வை நடத்தச் சொன்னதே பிபிசிதான். வீடுகளும் கொஞ்சம். அதனால நான் சுவிட்சர்லாந்தைத்தான் அதிகம் நம்புவேன். அங்கே நடந்தது ஆய்வு இல்ல, நிஜ ஓட்டு. 2018 மார்ச் 4 அன்று, ஒலிபரப்புக் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். அப்போ கட்டணம் 451 பிராங்க், பிரிட்டனைவிட ரொம்ப அதிகம். 71.6 சதவீதம் பேர் ஒழிக்க வேண்டாம் என்றார்கள். நாலு மொழி பேசற நாடு. ரோமான்ஷ் மாதிரி சின்ன மொழிக்கு விளம்பரக் காசில் யார் செய்தி வாசிப்பாங்க? ஆனா கட்டணம் 2019 முதல் 365 ஆகக் குறையும்னு அரசு முன்கூட்டியே அறிவிச்சிருந்தது. அதுவும் சில ஓட்டுகளைத் திருப்பியிருக்கும்.

இதில் நான் நடுநிலை இல்லைங்க. எங்க வீட்டில் ராத்திரி சாப்பாட்டு நேரம் தமிழோசைதான். 2014 வரை பிபிசி உலக சேவைக்குப் பணம் தந்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை. அப்புறம் பெரும்பாலும் லைசென்ஸ் காசுதான். 2017இல் தமிழோசை வானொலி நிற்கும்வரை, கடைசி மூணு வருஷம் அப்பா கேட்ட செய்திக்குக் காசு கட்டினது, தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத யாரோ. நண்பரின் கேள்வியை அவங்களும் கேட்டிருக்கலாம்.