காம்பியா நாட்டில் நெல் யார் கையில்?



நம்ம ஊர்ல குருணை என்றால் கஞ்சிக்கும் கோழித் தீவனத்துக்கும்தான். அந்தக் குருணை அரிசியைத் தினமும் சோறாக்கி, நிலக்கடலையை அரைத்து வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற நாடு ஒன்று இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள காம்பியா. ஒரு ஆறு, அதன் இரண்டு கரை, அவ்வளவுதான் நாடு. கடல் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் செனகல். ஜனத்தொகை சுமார் 24 லட்சம்.

அங்கே நமக்குக் கிடைக்கிற மாதிரி இரண்டு பருவமழை கிடையாது. ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரே மழைக்காலம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். மேட்டு நிலத்தில் கடலை, கம்பு, சோளம், மக்காச்சோளம் போடுவது பெரும்பாலும் ஆண்கள். ஆற்றோரச் சதுப்பில் இறங்கி நெல் நடுவது, களை எடுப்பது, அறுப்பது, விதை எடுத்து வைப்பது எல்லாம் காலங்காலமாகப் பெண்கள் வேலை. கடலை விற்ற பணம் ஆண்கள் கையில், சோத்துப் பாடு பெண்கள் தலையில். இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதல்லவா?

ஆற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. தரை மட்டமாக இருப்பதால் கோடையில் கடல் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேலே ஏறிவிடும். நல்ல மழை பெய்தால்தான் அந்த உப்பு கீழே தள்ளப்படும், கரையோர வயலில் நாற்று பிழைக்கும். அதனால் மழை குறைந்தால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. மேட்டில் கம்பு காய்கிறது, பள்ளத்தில் நெல் உப்பில் கருகுகிறது. 2011இல் மழை பொய்த்து விளைச்சல் ரொம்பவும் விழுந்தது. 2012இல் அரசாங்கமே வெளியுதவி கேட்க வேண்டியதாயிற்று.

நல்ல வருஷத்திலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பல வீடுகளில் குதிர் காலி. வயலில் வேலை மும்முரமாக இருக்கும் அதே மாதங்கள்! முதலில் கை கொடுப்பது சீக்கிரம் விளையும் கம்பும், நம்ம சாமை போன்ற 'ஃபோனியோ' என்ற சிறுதானியமும்தான்.

சொந்த விளைச்சல் போதாமல், சாப்பிடும் அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. இங்கேதான் நம் நாடு வருகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியையும் நிறுத்தியது. உள்ளூரில் விலை ஏறக்கூடாது என்பது காரணம், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவு காம்பியாவில் ஒரு தாயின் அடுப்பு வரை போய்ச் சேர்ந்தது. 2023இல் காம்பியாவுக்கு 50,000 டன் குருணை அனுப்பத் தனி அனுமதி கொடுத்தார்கள். தடை முழுசாக நீங்கியது அரிசிக்கு 2024இல், குருணைக்கு 2025இல்.

அப்படியானால் அங்கேயே கூடுதலாக விளைவிக்கலாமே என்று கேட்கலாம். முயற்சி செய்தார்கள். 1984இல் ஜஹாலி-பச்சார் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கடனுதவியோடு பாசனத் திட்டம் வந்தது. வருஷத்துக்கு இரண்டு போகம், மகசூலும் கூடியது. ஆனால் அந்தச் சதுப்பு அதுவரை பெண்கள் உழுத நிலம். மாண்டிங்கா மக்களிடம் இரண்டு வகை வயல் உண்டு. 'மருவோ' என்றால் குடும்ப வயல், விளைச்சல் வீட்டுத் தலைவர் பொறுப்பில். 'கமன்யாங்கோ' என்றால் சொந்த வயல், விளைந்தது பயிரிட்டவருக்கே. திட்டத்தில் மனைகளைப் பெண்கள் பெயரில் பதிந்தார்கள். ஆனால் நடைமுறையில் அதை மருவோ என்று சொல்லி நெல்லை ஆண்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். வேலை மட்டும் பெண்களுக்கு இரட்டிப்பு. சிலர் கூலி கேட்டார்கள், சிலர் அந்த வயலில் வேலை செய்ய மறுத்தார்கள். பட்டாவில் பெயர் இருந்தால் போதும் என்று நாம் நினைப்பது உண்டு. எங்களைக் கேட்டால், நெல்லை விற்று வரும் பணம் யார் கைக்கு வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நெல் கைவிட்டுப் போன பல பெண்கள் கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வெங்காயம், தக்காளி, வெண்டை போட ஆரம்பித்தார்கள். 'ஒசுசு' என்று நம்ம சீட்டு மாதிரியே கூட்டுச் சேமிப்பும் நடத்துகிறார்கள். வட்டி இல்லை, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். காய்கறித் தோட்டம் நன்றாக ஓட ஆரம்பித்ததும் நிலத்துக்காரர்கள் அதற்குள்ளேயே மாங்கன்று நட்டார்கள். மரம் வளர்ந்தால் நிழலில் காய்கறி வராது. பெண்கள் சும்மா இருக்கவில்லை, அரிவாளை எடுத்துக் கிளையைக் கழித்துவிட்டார்கள்.